துப்பாக்கி சுடாமல் போனால் என்ன நடக்கும்? ஏற்காடு மலை முதல் எல்லை வரை

விசையை இழுத்தாச்சு. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குண்டு வெளியே வரவில்லை. சினிமாவில் என்றால் ஹீரோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவிவிடுவார். நிஜத்தில் அந்த ‘டிக்’குக்கு அடுத்த ஒரு நிமிடம், துப்பாக்கியைப் பிடித்திருப்பவருக்கே ஆபத்தான நேரம். ஏன்?

மலையில் இருப்பது எந்தத் துப்பாக்கி?

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை, பக்கத்துக் கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் ‘துப்பாக்கி பறிமுதல்’ என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கியாகத்தான் இருக்கும். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்ன ‘கேப்’. விசையை இழுத்தால் கேப் வெடித்து, அதன் நெருப்பு சிறு துளை வழியாக மருந்தைத் தொட வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி, மாதக்கணக்கில் மழை. கரிமருந்துக்கு ஈரம் ஆகாது. துளையில் பழைய கரி அடைத்திருந்தாலும் போச்சு. கேப் வெடிக்கும், மருந்து பற்றாது. சில சமயம் மருந்து மெல்லப் புகைந்து, சில விநாடி கழித்துத் ‘டமார்’ என்று வெடிக்கும். “என்னடா ஆச்சு?” என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பவரின் கண்ணும் கையும் போவது இந்த இடத்தில்தான்.

துப்பாக்கி சுடும் பயிற்சி மையங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: சுடவில்லை என்றால், குழலை ஆளில்லாத திசையில் நீட்டியபடியே காத்திருக்க வேண்டும். தோட்டா போடும் துப்பாக்கிக்குக் குறைந்தது 30 விநாடி, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு நிமிடமாவது. அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

இன்னொரு ஆபத்து, சுட்டுவிட்டதாக நினைத்து மறுபடியும் மருந்து கெட்டிப்பது. இரண்டு மடங்கு மருந்து வெடித்தால் குழலே பிளந்துவிடும். பதற்றத்தில் இது தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும், களத்தில் கிடந்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 24,000-ல் மருந்து அப்படியே இருந்தது. அவற்றில் சுமார் 12,000-ல் இரண்டு முறை கெட்டித்திருந்தார்கள். சுடாமலே அடுத்தடுத்து கெட்டித்துக்கொண்டே போயிருக்கிறார்கள், அதுவும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள்!

நவீன ரைஃபிளும் ஜாம் ஆகுமா?

தாராளமாக. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைஃபிள், 1999 கார்கில் போரின்போது கடுங்குளிரில் சிக்கியதாகவும், பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதாகவும் புகார்கள் எழுந்தன. 2005-ல் மாவோயிஸ்டுகளின் தாக்குதலில் ஏராளமான வீரர்களை இழந்த நேபாள ராணுவமும் இன்சாஸ் மீது குறை சொன்னது.

2019 ஆகஸ்டில் பிகார் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதைக்காக உயர்த்தப்பட்ட 22 ரைஃபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மேடையில் முதல்வர் நிதிஷ் குமாரே இருந்தார். இதே துப்பாக்கி மோதலில் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ரைஃபிள் நின்றுபோகப் பொதுவான காரணங்கள் சிலதான்: மேகசின் காலி, மேகசின் சரியாகப் பொருந்தாதது, தோட்டா செத்துப்போனது, சுட்ட கூடு வெளியேறாமல் சிக்கியது, இரண்டு தோட்டா ஒன்றாக நுழைந்தது. முதல் நான்கும் பெரும்பாலும் நொடிகளில் தீரும். மேகசினை உள்ளங்கையால் தட்டிப் பொருத்தி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டு, மறுபடி குறிபார்ப்பது. காலி என்றால் மேகசினை மாற்றுவது. யோசிக்காமல் கை தானாகச் செய்யும்வரை இதைப் பழக்குவார்கள். கடைசி வகைக்கு மேகசினைக் கழற்றி, உள்ளே சிக்கியதை எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும்.

அப்போ பிஸ்டல் எதற்கு?

எதிரி தூரத்தில், மறைவிடம் பக்கத்தில் என்றால், குனிந்து மறைந்து ரைஃபிளைச் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். நூறு மீட்டரில் பிஸ்டலை உருவிப் பெரிய பயன் இல்லை. எதிரி ஒரே அறைக்குள், ஒளிய இடமும் இல்லை என்றால் கதை வேறு. அங்கே ரைஃபிளை வாரில் தொங்கவிட்டு, பிஸ்டலுக்கு மாறுகிறார்கள். கட்டடங்களுக்குள் நுழையும் தேசிய பாதுகாப்புப் படை போன்ற கமாண்டோக்கள் இரண்டு ஆயுதத்தோடு போவது இதற்காகவே. சாதாரணக் காவலருக்கு அந்த வசதி கிடையாது. கையில் ஒரே ஒரு துப்பாக்கிதான்.

மலை விவசாயிக்கு?

இரண்டாவது துப்பாக்கி என்ற பேச்சே எழவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்பவருக்கு, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியே போதும் என்பதுதான் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் அடிப்படைப் பார்வை. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, முன்பு மூன்று. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

லைசென்ஸ் இருந்தாலும் காபித் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையைச் சுட முடியாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பயிரை மேய்ந்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயியின் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். ஆனால் ஈரம் பட்ட மருந்தோடு, ஒரே ஒரு குண்டை நம்பி அதன் எதிரே நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. குண்டு சுடாவிட்டாலும் சரி, காயம் மட்டும் பட்டாலும் சரி, ஓடக்கூட நேரம் இருக்காது.

மலைக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அப்படி ஒப்படைக்க நினைப்பவர்கள், பரணில் கிடக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கியாக இருந்தாலும், குழலுக்குள் மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியை விட்டு நோண்ட வேண்டாம், அடுப்படிப் பக்கம் வைக்க வேண்டாம். கெட்டித்து வைத்தது பல வருஷம் ஆனாலும், உலர்ந்திருந்தால் வெடிக்கும். போலீஸாருக்கு முதலில் தகவல் சொல்லி, “உள்ளே மருந்து இருக்கலாம்” என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.