தாத்தாவின் பட்டாள நம்பர்

தமிழ்நாட்டில் சில ஊர்களின் பழைய கட்டடச் சுவரில் சிறிய கல் ஒன்று பதித்திருக்கும். 1914இலிருந்து 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருப்பார்கள். போனவர் கணக்கும் மாண்டவர் கணக்கும் இருக்கும். ஒருவர் பெயரும் இருக்காது.

இராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னமும் இப்படித்தான். மெசபடோமியாவில் மாண்டு, அடக்கமான இடம் தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பப்பட்டது அது. வெள்ளைக்காரர்களின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் ஏறின. இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டின் பெயருக்குக் கீழே ஒரு தொகை மட்டும்தான். நம் ஊர்களிலிருந்து கப்பல் ஏறிய பொறியாளர் படையினரான மெட்ராஸ் சாப்பர்களும் அந்தத் தொகைக்குள் இருக்கிறார்கள்.

வீடுகளில் இதற்கு நேர்மாறு. அங்கே பெயர் இருக்கிறது, படமும்கூட இருக்கிறது. "தாத்தா பட்டாளத்துல இருந்தார், பர்மா சண்டைக்குப் போனார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த ரெஜிமெண்ட், என்ன நம்பர், எந்த வருஷம் சேர்ந்தார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கும் அந்தப் பெயரை எங்கோ ஒரு பேரேட்டில் கிடக்கும் நம்பரோடு சேர்த்துவைப்பதுதான் இந்தத் தேடல் முழுவதும்.

இது ஏதோ பத்து இருபது குடும்பங்களின் சமாச்சாரம் இல்லை. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள். இரண்டாவது போரில் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. அதற்கு பஞ்சாபுக்கு அடுத்தபடியாக அதிக ஆட்களைக் கொடுத்தது சென்னை மாகாணம்தான். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் வட ஆற்காட்டில் மட்டுமல்ல, சேலம், திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று எங்கும் இருந்தன.

தேடக் கிளம்புகிறவர்கள் பலர் முதலில் லண்டனை நினைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் ராணுவம், அவன்தானே காகிதம் வைத்திருப்பான் என்ற எண்ணம். பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பொறுத்தவரை அது சரி. இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் பிரிட்டிஷ் லைப்ரரியில்தான் இருக்கின்றன. ஆனால் சாதாரணச் சிப்பாயின் தனிக் கோப்பு அவனுடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசில் இருந்தது. ஆகவே சாப்பராக இருந்தவருக்கு பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு நீலகிரியின் வெலிங்டன், பீரங்கிப் படைக்காரருக்கு நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர் என்று வழி பிரிந்துவிடும். ரெஜிமெண்ட் தெரியாமல் கடிதம் எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது. நம்பரும் அப்படியே. அந்தக் காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கென்று நம்பர் போட்டுக்கொண்டது. ரெஜிமெண்டின் பெயரும் சேர்ந்து வராவிட்டால் வெறும் நம்பரால் பயன் குறைவு.

அதனால் தொடங்க வேண்டிய இடம் வீட்டுப் பரண்தான். டிரங்குப் பெட்டியில் மெடல் இருந்தால் அதன் முகப்பில் இருக்கும் ராஜா தலையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள், ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. முதல் உலகப் போர் மெடல்களில் விளிம்பைச் சுற்றி நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். இரண்டாவது போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்கு வழங்கியவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு. மெடலின் வகையே ஒரு தகவல். பர்மா ஸ்டார் இருந்தால் அவர் கிழக்கே போயிருக்கிறார், ஆப்பிரிக்கா ஸ்டார் இருந்தால் மேற்கே பாலைவனத்துக்கு. முதல் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் செய்தது. அதனாலேயே எத்தனையோ மெடல்கள் பஞ்ச காலத்தில் தட்டார் பட்டறைக்குப் போய் உருகிவிட்டன. உருகியது வெள்ளி மட்டும் இல்லை, ஒரு மனிதனின் நம்பரும் சேர்ந்து உருகியது. மீந்திருப்பதையாவது யாரும் விற்றுவிடக் கூடாது.

மெடல் இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஸ்டுடியோவில் எடுத்த படம். தொப்பி வில்லை, தோள்பட்டை எழுத்து, அட்டையின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை, எல்லாம் துப்பு கொடுக்கும். மெட்ராஸ் சாப்பர்களின் தலையணி மற்ற எந்தப் படையிலும் இல்லாத தனி உருவம். விவரம் தெரிந்தவர் படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிடுவார். வீட்டில் வயதான அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் "எந்த ரெஜிமெண்ட்?" என்று கேட்காதீர்கள். "டிரெயினிங் எங்கே எடுத்தாராம்?" என்று கேளுங்கள். பெங்களூர் அல்சூர் ஏரி என்று வந்தால் சாப்பராக இருந்திருக்கலாம். கோயம்புத்தூர் மதுக்கரை என்று வந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பக்கம் பார்க்கலாம். 1920களில் கலைக்கப்பட்ட அந்த ரெஜிமெண்ட் இரண்டாம் போரின்போது மீண்டும் திரட்டப்பட்டது, அப்போது அதன் பயிற்சி முகாம் மதுக்கரையில் இருந்தது.

போரில் இறந்தவராக இருந்தால் தேடல் சற்று எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 1917இல் தொடங்கப்பட்டது. இரு போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் விவரங்களை அது வைத்திருக்கிறது, இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பஸ்ராவில் கல்லில் ஏறாத சிப்பாய்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் கிடைக்கும். பல பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம்கூட இருக்கும். ரங்கூனுக்கு அருகே தாவ்க்கியானில் உள்ள நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000க்கும் மேல். இந்த இரண்டிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எளிது என்றேன், ஆனால் எழுத்துக்கூட்டு கழுத்தை அறுக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சேர்த்துக்கொண்ட குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே கோவிந்தசாமியை நாலு விதமாக எழுத முடியும். சுபேதார் சுப்பிரமணியனையே எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற அந்த மாவீரரின் பெயரே ஆங்கில ஏடுகளில் ஒரே மாதிரி இல்லை. வெளியே யாருக்கும் தெரியாத ஒரு சாப்பர் ராமசாமியின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். முழுப் பெயரைப் போட்டுத் தேடுவதைவிட முதல் சில எழுத்துகளைப் போட்டு, படைப்பிரிவைக் கொண்டு வடிகட்டுவது நல்லது. மாவட்டத்தையும் அன்றைய பெயரில் தேட வேண்டும். தர்மபுரிக்காரர் சேலத்தில் இருப்பார், திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காட்டில் இருப்பார்.

தேடியும் பெயர் இல்லையா? அவர் போரில் இறக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது: ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களும் தொழிலாளர் படையினருமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லியோ எந்த வகையிலுமோ நினைவுகூரப்படாமல் விடுபட்டிருக்கிறார்கள். சாவில் எல்லோரும் சமம் என்று கொள்கை எழுதிவைத்த நிறுவனம் இது. அந்தச் சமம் நிறம் பார்த்தது என்பதை நூறு வருஷம் கழித்துச் சொன்னார்கள். அறிக்கையோடு மன்னிப்பும் வந்தது. மன்னிப்பு போதாது, விடுபட்ட பெயர்கள் திரும்ப ஏற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இறந்தவர்களை, உரிய ஆதாரம் காட்டினால் ஆணையம் பட்டியலில் சேர்க்கிறது. குடும்பத்தார் கையில் இருக்கும் ஒரு காகிதம் அந்த ஆதாரமாகலாம்.

உயிரோடு திரும்பியவர்களைத் தேடுவதுதான் கடினம். பென்ஷன் வாங்கியவரானால் பென்ஷன் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். ஆனால் இரண்டாம் போருக்கு என்று சேர்ந்து, 1946இல் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம். பென்ஷன் இல்லாதவர்களின் பணிக் கோப்புகளை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. பழைய வீரர்கள் பென்ஷன் கேட்டுத் தொடுத்த எத்தனையோ வழக்குகளில் ரெக்கார்ட் ஆபீசின் பதில் இதுவாகத்தான் இருந்தது. அதைக் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டாம். 'லாங் ரோல்' என்று ஒரு பேரேடு உண்டு. கோப்பு அழிந்தாலும் அதை அழிப்பதில்லை. நம்பர், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவை அதில் இருக்கும். வாரிசு என்பதற்கான சான்றோடு, தெரிந்த விவரம் அத்தனையும் போட்டு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வருகிற பதில் இரண்டு வரியாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வரி ஒரு வாழ்க்கைக்கு முதல் சாட்சி.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித் தொகை கொடுத்துவந்திருக்கிறது. பாட்டி அதை வாங்கியிருந்தால் தாத்தாவின் நம்பர் அந்த விண்ணப்பத்தில் இருக்கும்.

சிங்கப்பூரில் பிடிபட்டவர்களின் குடும்பத்தாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்திய வீரர்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரிட்டிஷார் அவர்களைத் தரம் பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்களை, சம்பள பாக்கியும் கொடுக்காமல் வெளியேற்றினார்கள். அப்படிப்பட்டவருக்கு ரெக்கார்ட் ஆபீசில் 'பணிநீக்கம்' என்று ஒரு வரி இருக்கும். 1972இல் வந்த தியாகிகள் பென்ஷன் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தக் கோப்பில் அதே மனிதர் விடுதலைப் போராட்ட வீரர். இரண்டையும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் அவர் வாழ்வு பாதிதான் தெரியும்.

ரெஜிமெண்டும் வருஷமும் கிடைத்துவிட்டால் அடுத்தது வார் டைரி. ஒவ்வொரு படைப்பிரிவும் களத்தில் தினசரி எழுதிய குறிப்பு அது. எங்கே பாலம் கட்டினார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள், எத்தனை பேர் விழுந்தார்கள் என்று இருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இவை இருக்கின்றன. டெல்லிக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். சிப்பாயின் பெயர் அதில் அநேகமாக வராது. ஆனால் அவர் அன்று எந்த மழையில் நின்றார் என்று தெரிந்துவிடும்.

பஞ்சாபில் முதல் உலகப் போருக்குப் போன 3,20,000 பேரின் விவரங்கள் ஊர் ஊராக எழுதப்பட்டு லாகூர் மியூசியத்தில் கிடந்தன. 2021இல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் ஊர்ப் பெயரைத் தட்டிக் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கிறார்கள். சென்னை மாகாணத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். சுவரில் கல் பதித்த ஒவ்வொரு ஊரிலும் அந்த எண்ணிக்கைக்குரிய பெயர்களைத் திரட்டும் வேலையைத் தமிழக அரசும் வரலாற்றுத் துறை மாணவர்களும் கையில் எடுக்க வேண்டும். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தார் என்றால் இந்த வாரமே பரணில் ஏறுங்கள். மெடலின் ஓரத்தை, டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தை, படத்தின் முன்னையும் பின்னையும் செல்போனில் படம் எடுத்து, நம்பரையும் ரெஜிமெண்டையும் ஊர்ப் பெயரையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம்.