முனை தொங்காத மப்ளர்: வட்டச் சட்டத்தில் கழுத்துறை பின்னுவது எப்படி?

கேமரன் மலையில் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்படுபவர்களுக்குக் கழுத்துக் குளிர் என்றால் என்னவென்று தெரியும். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவிலும் விடிகாலையிலும் அங்கே வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்குவது வழக்கம். சட்டைக் கழுத்துக்கும் தலைக்கவசத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் காற்று முதலில் நுழையும்.

இதற்குப் பலரும் மப்ளரையோ துண்டையோ சுற்றிக்கொள்வார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. தொங்கும் முனை காற்றில் பறந்து சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால், கழுத்து இறுகிவிடும். தேயிலை வெட்டும் இயந்திரம், அரவை இயந்திரம் ஆகியவற்றின் அருகே வேலை செய்பவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

முனையே இல்லாத மப்ளர் இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆங்கிலத்தில் ‘கௌல்’ எனப்படும் அது, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் ஒரு பின்னல் குழாய். கையுறை, காலுறை என்று சொல்வதுபோல் இதைக் கழுத்துறை எனலாம். மலையில் வாழ்பவர்களுக்கு மட்டுமன்றி, இரவு விரைவுப் பேருந்தில் குளிர்சாதனத்தில் நடுங்கிக்கொண்டே கோலாலம்பூருக்குப் போகிறவர்களுக்கும், பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கும் இது உதவும். இரண்டு பின்னல் ஊசிகளைப் பிடிக்கத் தெரியாதவர்களும் வட்டச் சட்டம் ஒன்று இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

ஊசி வேண்டாம், முளை போதும்

வட்டச் சட்டம் என்பது பிளாஸ்டிக் வளையம். அதன் விளிம்பு முழுவதும் சிறு முளைகள் நிற்கும். கடைகளில் ‘ரவுண்ட் லூம்’ என்று கேட்டால் தருவார்கள். பெரும்பாலும் நான்கு அளவுகள் கொண்ட தொகுப்பாகக் கிடைக்கும். 24, 31, 36, 41 முளைகள் என்பது பரவலான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றிரண்டு முளைகள் கூடலாம், குறையலாம். வளைந்த முனையுள்ள ஒரு கொக்கியும் உடன் வரும்.

ஊசிப் பின்னலில் எல்லாக் கண்ணிகளும் ஒரே ஊசியில் வரிசையாக நிற்கும். ஒன்று நழுவினால் புதியவர்கள் பதறிப்போவார்கள். சட்டத்தில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முளை உண்டு. பாதியில் எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் கண்ணி அங்கேயே இருக்கும். 1589ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைப் பின்னல் இயந்திரத்திலும் ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஊசி இருந்தது.

பல்லாண்டு பால்மரம் சீவியும் கொழுந்து பறித்தும் விரல் மூட்டுகள் தேய்ந்துபோன மூத்தவர்களுக்கு இது ஏற்ற வேலை. சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கொக்கியை இயக்கினால் போதும். ஊசிகளை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. விரல் வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம்.

என்னென்ன வேண்டும்?

பெரியவர்களுக்கு 41 முளைச் சட்டம், சிறுவர்களுக்கு 36 முளைச் சட்டம். தடித்த நூல் வேண்டும். நடுத்தர நூல்தான் இருக்கிறது என்றால் இரண்டு இழைகளைச் சேர்த்து ஒன்றாகப் பிடித்துப் பின்னலாம். 100 கிராம் உருண்டைகள் இரண்டு இருந்தால் தாராளம். ஒற்றை மெல்லிய நூலில் பின்னினால் வலை போல் ஓட்டை தெரியும், குளிரையும் தடுக்காது.

நூலின் வகையையும் பார்த்து வாங்க வேண்டும். அக்ரிலிக் நூல் விலை குறைவு, இயந்திரத்தில் துவைக்கலாம். ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பு, பூசை விளக்கு அருகே அதிகம் புழங்குபவர்களுக்குக் கம்பளி நூல் நல்லது. அது எளிதில் தீப்பற்றாது. கம்பளியைச் சுடுநீரில் துவைத்தால் சுருங்கிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

இவற்றோடு ஒரு குரோஷே ஊசி, கத்தரிக்கோல், அளவு நாடா, நூல் முனையைச் செருக அகன்ற காதுள்ள ஊசி ஆகியவை வேண்டும்.

முதல் சுற்று

சட்டத்தின் பக்கவாட்டில் தனியாக ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும். நூலின் முனையில் சுருக்கு முடிச்சுப் போட்டு அதில் மாட்டுங்கள். அதையடுத்த மேல் முளைதான் முதல் முளை.

நூலை வளையத்தின் உள்பக்கமாகக் கொண்டுவாருங்கள். முதல் முளையைத் தாண்டி, அதற்கும் இரண்டாம் முளைக்கும் நடுவே வெளியே எடுங்கள். முதல் முளையின் வெளிப்புறமாகச் சுற்றிப் பின்னோக்கி வந்து, அதற்கு முந்தைய இடைவெளி வழியாக உள்ளே நுழையுங்கள். நூல் உள்பக்கத்தில் தன்மீதே குறுக்காகப் படியும். அப்படியே இரண்டாம் முளைக்குப் போய் அதையே செய்யுங்கள். இப்படி வட்டம் முழுவதும் ஒரு சுற்று. இடம்வலமாகவோ வலமிடமாகவோ போகலாம். தொடங்கிய திசையைக் கடைசிவரை மாற்றக்கூடாது.

இரண்டாவது முறையும் அதே போல் சுற்றுங்கள். இப்போது ஒவ்வொரு முளையிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு கண்ணிகள் இருக்கும். கொக்கியால் கீழ்க்கண்ணியைத் தூக்கி, மேல்கண்ணியைத் தாண்டி, முளையின் தலைக்கு மேலாக வளையத்தின் உள்பக்கம் விடுங்கள். கடைசியாகச் சுற்றிய முளையில் இதைத் தொடங்கினால் நூல் அவிழாமல் நிற்கும். எல்லா முளைகளிலும் செய்து முடித்தால் ஒரு சுற்றுப் பின்னல் தயார். சுருக்கு முடிச்சைப் பக்க முளையிலிருந்து கழற்றிவிடலாம்.

விளிம்பு சுருளாமல் இருக்க

இந்தச் சாதாரணப் பின்னலை மட்டுமே போட்டால் விளிம்பு பாய் போலச் சுருண்டுகொள்ளும். சிலர் அதையே அழகு என்று விட்டுவிடுவார்கள். தட்டையாக நிற்க வேண்டுமென்றால் தொடக்கத்திலும் முடிவிலும் சில சுற்றுகள் மறுபின்னல் கலக்க வேண்டும்.

மறுபின்னலுக்கு நூலை முளையைச் சுற்றிப் போடாமல், முளையின் வெளிப்புறத்தில், இருக்கும் கண்ணிக்குக் கீழே வையுங்கள். கொக்கியைக் கண்ணிக்குள் மேலிருந்து கீழாக விட்டு, அந்த நூலைப் பிடித்து மேலே ஒரு புதிய கண்ணியாக இழுங்கள். பழைய கண்ணியை முளையிலிருந்து கழற்றிவிட்டுப் புதியதை அதே முளையில் மாட்டுங்கள்.

இரண்டாம் சுற்று மறுபின்னல், மூன்றாம் சுற்று சாதாரணம், நான்காம் சுற்று மறுபின்னல். அதன்பின் சாதாரணப் பின்னலையே தொடருங்கள்: ஒருமுறை சுற்ற வேண்டும், கீழ்க்கண்ணியைத் தூக்கி விட வேண்டும். பின்னல் குழாய் போல வளையத்தின் நடுவே இறங்கிக்கொண்டே போகும். அதை இழுக்காமல் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். 22 முதல் 25 சென்டிமீட்டர் வந்ததும் மறுபின்னல், சாதாரணம், மறுபின்னல் என மூன்று சுற்றுகள் போட்டு நிறுத்தலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு முளைக்கு ஒரு கண்ணிதான் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நழுவிய கண்ணியை உடனே கொக்கியால் எடுத்து முளையில் மாட்டிவிட்டால் தொல்லையில்லை. கவனிக்காமல் மேலே போனால் அது கீழே ஏணிப்படியாக அவிழ்ந்துகொண்டு போகும்.

கை இறுகினால் தலை நுழையாது

பெரும்பாலான கழுத்துறைகள் வீணாவது நூலாலோ சட்டத்தாலோ அல்ல, இறுக்கத்தால். இறுக்கிச் சுற்றினால் வேலை நேர்த்தியாக இருக்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கண்ணியைத் தூக்கக் கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் நூல் இறுகியிருக்கிறது என்று பொருள்.

பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாரை இறுக்கினால் மல்லிகையின் காம்பு அறுந்துபோகும், தளர்த்தினால் பூ உதிரும். அந்த நடுவான இழுப்பு விரலுக்குத் தெரியும். இங்கேயும் அதே விரல் கணக்குதான். சற்றுத் தளர்வின் பக்கம் சாய்ந்தால் தவறில்லை.

மிகவும் கவனிக்க வேண்டியது முடிப்பு. பெரியவர்களின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 56 சென்டிமீட்டர். கழுத்துறை கழுத்துக்கு வருமுன் தலையைத் தாண்ட வேண்டும். உடல் பகுதி எவ்வளவு தளர்வாக இருந்தாலும் முடித்த விளிம்பு நீளாவிட்டால் அது உள்ளே நுழையாது. மூன்று மாலை உழைத்துப் பின்னி, பேரனுக்குப் பொட்டலம் கட்டி அனுப்பிய பிறகு இது தெரியவந்தால் மனம் என்ன பாடுபடும்!

முடிப்பதற்கு நூலை வெட்ட வேண்டாம். முதல் முளையின் கண்ணியைக் குரோஷே ஊசியில் எடுத்து, அதன் வழியே நூலை ஒருமுறை இழுங்கள். அடுத்த முளையின் கண்ணியையும் ஊசியில் எடுத்து, இரண்டின் வழியாகவும் நூலை இழுங்கள். ஊசியில் ஒரு கண்ணி மிஞ்சும். உடனே இன்னொரு முறை நூலை இழுத்து ஒரு சங்கிலிக் கண்ணி போட்டுவிட்டு அடுத்த முளைக்குப் போங்கள். இடையில் வரும் அந்தச் சங்கிலிக் கண்ணிதான் விளிம்புக்கு நெகிழ்வைத் தருகிறது.

பத்து முளைகள் முடிந்ததும் நிறுத்தி, அந்த விளிம்பை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். கீழே உள்ள பின்னல் அளவுக்கு அது நீள வேண்டும். நீளவில்லையென்றால் அந்தப் பத்தை மட்டும் பிரித்து, கண்ணிகளை மீண்டும் முளையில் மாட்டித் தளர்வாகப் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, கடைசிக் கண்ணி வழியே இழுத்து, முனையை ஊசியால் உள்பக்கம் செருகிவிடலாம்.

துவைத்த பிறகு கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையில் நீண்டு தொய்ந்துவிடும். துண்டில் ஒற்றி, தட்டையாகப் பரப்பி உலர்த்துவதே முறை. கைக்குழந்தைகளுக்கு இதை அணிவித்துத் தூங்க வைக்கக்கூடாது; மூக்கையும் வாயையும் மூடிவிடும் ஆபத்து உண்டு.

முதல் முயற்சி கோணலாக வரலாம். நூலின் முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து வந்துவிடும். மீண்டும் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம். தவறாக வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. பின்னலில் பிழைத்தால் ஒரு மாலை நேரம்தான் போகும். நூல் முழுதாக மடியிலேயே இருக்கும்.