உலக வாணிகத்தில் இறால்

இறால் என்னும் சொல் பழந்தமிழில் தேனடையையும் குறிக்கும். கடல்வாழ் இறாலை இறவு எனவும் இறா எனவும் நம் முன்னோர் வழங்கினர். நெய்தல் நிலத்து மகளிர் மீனைக் கொடுத்து நெல்லைப் பெற்றமையைச் சங்கச் சான்றோர் பாடியிருத்தலை நாம் வகுப்பிற் படித்திருக்கிறோம். அவ்வாணிகத்தில் விற்பவளும் கொள்பவளும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். விலை பிடிக்காவிடில் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் செல்லவும் இயன்றது. இக்காலத்து இறாலை வளர்ப்பவன் ஒரு கண்டத்திலும் உண்பவன் மற்றொரு கண்டத்திலும் இருக்கின்றனர். இவ்விருவர்க்கும் இடையே விலை யாங்ஙனம் அமைகின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் உலகத்து மீன்விளைவின் அளவைச் சிறிது நோக்குவோம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகிற் கிடைத்த மீன், இறால், நண்டு, சிப்பி முதலியவற்றின் மொத்தம் 18 கோடியே 54 இலட்சம் டன். இதில் வளர்த்துப் பெற்றது 9 கோடியே 44 இலட்சம் டன்; கடலிலும் ஆற்றிலும் பிடித்தது 9 கோடியே 10 இலட்சம் டன். வளர்ப்பு பிடிப்பை விஞ்சியது அவ்வாண்டிலேயே முதன்முறை. கடலிற் பிடிக்கும் அளவோ 1980-களின் இறுதியிலிருந்தே பெரிதும் உயரவில்லை. வலையும் விசைப்படகும் பெருகியும் கடல் மேலும் கொடுக்க மறுத்தமையால், மக்கள் கடலைக் கரைக்குக் கொணர்ந்து குளத்தில் தேக்கினர் எனலாம்.

நம் நாட்டில் இறால் ஒருகாலத்தில் மதிப்பற்ற பொருளாகவே இருந்தது. கேரளக் கரையில் அதனை உலர்த்திப் பருமாவுக்கு அனுப்பிவந்தனர். தென்னைக்கு எருவாக இட்டதும் உண்டு. 1952-இல் நார்வே நாட்டாருடன் உடன்படிக்கை ஏற்பட்டு, நீண்டகரையில் விசைப்படகும் பனிக்கட்டிச் சாலையும் தோன்றின. மறு ஆண்டிலேயே கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. எருவாகக் கிடந்தது பொன்னாயிற்று.

எனினும், இன்று நாம் பிற நாடுகளுக்கு அனுப்பும் இறாலிற் பெரும்பகுதி நம் கடலிற் பிறந்த இனமன்று. வனாமி எனப்படும் அவ்வினம் மெக்சிகோ முதல் பெரு வரையுள்ள பசிபிக் கரைக்கு உரியது. முன்னர் நம் குளங்களில் வளர்ந்தது புலி இறால். 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் பரவி அதனை அழித்தது. ஓடுகளில் வெண்மையான புள்ளிகள் தோன்றிய சின்னாட்களிற் குளம் முழுதும் செத்து ஒதுங்கும். கடன் மட்டும் எஞ்சும். நோயற்ற தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து வருவித்துச் சென்னையில் தனித்து வைத்துச் சோதித்தபின் குஞ்சு பொரிக்கலாம் என்று 2009-இல் அரசு இசைவளித்தது. புலி இறால் குளத்தின் அடியிலேயே ஊர்ந்து திரிவது. வனாமியோ நீரின் நடுப்பகுதியிலும் நீந்தி வாழ்வது. ஆகலின் அதே குளத்திற் பன்மடங்கு குஞ்சுகளை விடலாம். மூன்று நான்கு திங்களில் அறுவடையும் ஆகும். ஆந்திரக் கரை முழுதும் குளமாயிற்று என்று சொன்னால் அது மிகையாயினும் பெரிதும் பொய்யாகாது.

இவ்வாணிகத்தில் ஒருவனுடைய கேடு மற்றொருவனுக்கு ஆக்கமாவது வழக்கம். 2012, 2013-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துக் குளங்களில் குஞ்சுகள் விட்ட ஒரு திங்களுக்குள் இறந்தன. அதற்குக் காரணமான நுண்ணுயிரை அமெரிக்காவிலுள்ள அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் 2013-இற் கண்டறிந்தனர். அதற்குள் உலகச் சந்தையில் விலை ஏறிற்று. தாய்லாந்து இழந்த இடத்தை அமெரிக்கச் சந்தையில் இந்தியா பற்றிக்கொண்டது. நம் கரையில் அக்காலத்து எழுந்த புதுவீடுகளிற் சில, தாய்லாந்தில் எவனோ ஒருவன் இழந்த பொருளால் எழுந்தவை என்று நினைக்குங்கால் நமக்கு மகிழ்ச்சி முழுதாக உண்டாகவில்லை.

இறாலின் தீனியும் தொலைவிலிருந்தே விலை பெறுகின்றது. தீனியிற் கலக்கும் மீன்மாவை மிகுதியாகச் செய்யும் நாடு பெரு. அந்நாட்டார் நெத்திலியை ஒத்த சிறுமீனைப் பிடித்து அரைக்கின்றனர். பசிபிக் கடலில் எல் நினோ என்னும் வெப்பநீர் தோன்றுமாயின் அம்மீன் குறைந்துவிடும். 2023-இல் அங்ஙனம் நேர்ந்து, அவ்வாண்டின் முதற் பருவத்து மீன்பிடிப்பையே பெரு அரசு கைவிட்டது. மீன்மாவின் விலை உலகெங்கும் உயர்ந்தது. அதே வேளையில் ஈக்வடார் நாடு ஆண்டுக்கு 10 இலட்சம் டன்னுக்கு மேல் இறாலை அனுப்பத் தொடங்கியிருந்தமையால் இறாலின் விலை விழுந்து கிடந்தது. தீனி ஏறவும் விளைபொருள் இறங்கவும் வளர்ப்போர் நடுவே நசுங்கினர்.

கொள்ளும் நாட்டாரின் சட்டங்களும் விலையில் ஒரு பங்கு கொள்கின்றன. நோய்க்கு அஞ்சிக் குளத்திலிட்ட மருந்தின் எச்சம் இறாலில் இருத்தல் கூடாதென்று ஐரோப்பியர் 2016-இல் இந்தியச் சரக்கிற் பாதியைச் சோதிக்க முற்பட்டனர். அச்சோதனையை நாம் குறைகூறவில்லை. உண்போர் நலம் காத்தல் முறையே. வரி வேறு வகையினது. 2023-24-ஆம் ஆண்டில் நாம் அனுப்பிய உறைந்த இறால் 7,16,004 டன். அதில் 2,97,571 டன் அமெரிக்கா ஒன்றே கொண்டது. ஒரே வாயிலை நம்பிய வீடு இது. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்க அரசு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஈக்வடாருக்கு விதித்தது 15 விழுக்காடே. இறாலின்மேல் வேறு வரிகளும் முன்னரே இருந்தன.

நாகப்பட்டினக் கரையினர்க்கு வேறொரு கணக்கும் உண்டு. 1990-களில் நெல்வயல்கள் இறாற்குளங்களாக மாறியபோது, கிணறுகளில் உப்பேறிற்று. வயலில் நாற்று நடும் பெண்கள் வேலையிழந்தனர். சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனும் அவர் மனைவியார் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி அறப்போர் நடத்தினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பரில், கடற்கரை ஒழுங்கு எல்லைக்குட்பட்ட அத்தகைய குளங்களை அகற்றுமாறு தீர்ப்பாயிற்று. 2005-இல் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அனுமதி வழங்கும் ஆணையத்தையும் நிறுவினர். உறைந்த இறாலின் விலையில் தீனி, மின்சாரம், கூலி, கப்பற் கட்டணம் யாவும் சேர்கின்றன. உப்பேறிய கிணறு சேர்வதில்லை. இதனை நாம் இவ்வாணிகத்தின் பெருங்குறையாகக் கருதுகின்றோம்.

2025 அக்டோபரில், வரி ஏறிய பின்னர், நண்பர் இருவருடன் அக்கரையில் ஒரு குளத்தைக் காணச் சென்றோம். துடுப்புச் சக்கரங்கள் நீரைக் கலக்கிக்கொண்டிருந்தன. குளத்துக்காரர் சிறு வலையை வீசி இறாலை எடுத்து நிறுத்துக் காட்டினார். ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்பதைக் கவுண்ட் என்கின்றனர். எண் குறையக் குறைய இறால் பெரிது, விலையும் பெரிது. அன்று நின்றது அறுபது. “இன்னும் இருபது நாள் விட்டால் நாற்பதுக்கு வரும், தம்பி” என்றார். விடலாகாதா என்று வினவினோம். ஐப்பசி மழை இறங்கினால் நீரின் உப்பு குறைந்து நோய் வரும் என்றும், கீழண்டைக் குளத்தில் இரண்டு நாளாகக் காக்கைகள் மிகுதியாக இறங்குகின்றன என்றும் விடைகூறினார். நோயுற்ற இறால் கரையோரம் ஒதுங்குமாதலின் காக்கையே அவர்க்கு முதல் மருத்துவன். இதற்கிடையே வியாபாரி தொலைபேசியில் விலை சொன்னார். முன்னாள் சொன்னதினும் அது குறைவு. அமெரிக்கரின் வரியை அவர் ஒருமுறையேனும் பெயர் சொல்லிப் பேசவில்லை. வானத்தையும் காக்கைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பனிக்கட்டி வண்டியை விடியற்காலையில் அனுப்புமாறு சொல்லிவிட்டு, சக்கரங்களில் ஒன்றை நிறுத்தினார்.