கணினியின் கர்னலைப் புதுப்பித்தல்



ஹட்டன் பகுதியின் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில், நம்மவர் 'ஸ்டோர்' என்று சொல்லும் அவ்விடங்களில், ஒரே எந்திரம் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்ற, அதில் மாட்டிய வார்ப்பட்டைகளால் ரோலர்கள் யாவும் ஓடிய காலம் ஒன்றிருந்தது. கணினிக்குள்ளும் அத்தகையதொன்று உண்டு. திரை, விசைப்பலகை, நினைவகம் அனைத்தையும் இயக்கி, ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிய பங்கை அளந்து கொடுப்பது அதுவே. அதன் பெயர் கர்னல். பட்டாளத்துக் கர்னலன்று, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பதே இச்சொல்லின் பொருள்.

பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதி, எவரும் பார்த்துத் திருத்தத்தக்கதாக வெளியிட்டது லினக்ஸ் கர்னல். உபுண்டு, டெபியன், பெடோரா ஆகிய இயங்குதளங்கள் அதன் மீதே நிற்கின்றன. பெடோராவை அடியொற்றி நம் நாட்டில் உருவான ஹந்தான லினக்ஸும் அவ்வாறே.

நன்றாக ஓடும் கணினியில் கைவைப்பானேன் எனச் சிலர் வினவுவர். 'டர்ட்டி கவ்' என்னும் குறை 2007 முதல் இக்கர்னலுக்குள் இருந்து, 2016இல்தான் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. அதன் வழியே சாதாரணப் பயனாளர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயலும். மாணவர் பலர் மாறி மாறி அமரும் பாடசாலைக் கணினிக்கு இது சிறிய விஷயமா?

முதலில் கோப்புகளைப் பிறிதொரு வட்டில் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். பின்னர் இயங்குதளத்தின் சொந்தப் புதுப்பிப்பு முறையையே நாடுக. புதிய கர்னல் பழையதை உடனே அழிப்பதில்லை. அருகே வந்து அமர்கிறது. பெடோரா இயல்பாகவே மூன்றை வைத்திருக்கும். கணினியை மறுபடி தொடக்கும்போதுதான் புதியது பொறுப்பேற்கும். திரை இருண்டாலோ இணையம் கிட்டாவிட்டாலோ அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்தில் தோன்றும் 'கிரப்' பட்டியலில் பழைய கர்னலைத் தெரிந்து முன்போல் வேலை செய்யலாம். ஆதலின் புதியது சில நாள் செவ்வனே ஓடும்வரை பழையதை நீக்கலாகாது. மின்கலம் இல்லாத மேசைக் கணினியாயின், ஐப்பசி மாதத்து இடி முழங்கும் பிற்பகலில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நன்று. இடையில் மின்சாரம் நின்றால் எழுத்து அரைகுறையாகிவிடும்.

நன்கொடையாக வந்த பழைய கணினிகளை வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 32 பிட் கணினிகளுக்கான கர்னலைப் பெடோரா 2019இலும் டெபியன் 2025இலும் நிறுத்திவிட்டன. தம் கணினி எவ்வகையது என்பதை 'எல்எஸ்சிபியூ' என்னும் கட்டளையைக் கொடுத்து முன்னதாகவே அறிந்துகொள்ளலாம்.