பச்சிளம் குழந்தையின் வாயுத் தொல்லை: எந்தப் பால் பவுடர் ஏற்றது?

குழந்தை பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனதும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மக்ரிப் நேரம் நெருங்கும்போது குழந்தை முகம் சிவக்க அழ ஆரம்பிக்கும். காலை வயிற்றோடு மடக்கும், முறுக்கும், வயிறு உப்பும், வாயு பிரியும். தோளில் போட்டாலும் தொட்டிலில் போட்டாலும் அடங்காது. "உன் பால் சேரவில்லை" என்று ஒருவர் சொல்வார். "இந்தப் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு டின் வாங்கு" என்று இன்னொருவர் சொல்வார். ஒரே மாதத்தில் மூன்று, நான்கு டின்கள் மாறிவிடும். அழுகை மட்டும் மாறாது.

பிள்ளைக்கு ஓதிப் பார்க்கச் சொல்லி நம்மிடம் வரும் இளம் தந்தையர் பலர் உண்டு. ஓதுகிறோம், துஆச் செய்கிறோம். கூடவே, "பால் எப்படிக் கலக்குகிறீர்கள்?" என்றும் கேட்கிறோம். பாதிப் பிரச்சினை பல நேரங்களில் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. எனவே, குழந்தை நல மருத்துவர்கள் சொல்பவற்றையும் மார்க்கம் தொடர்பாக எழும் கேள்விகளையும் சேர்த்து இங்கே விளக்குகிறோம்.

தாய்ப்பாலுக்கே முதலிடம்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அல்குர்ஆனின் 2:233ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை முழுமைப்படுத்த விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று வரையறுக்கிறது. அதே வசனம், பிள்ளையின் காரணமாகத் தாய்க்குத் துன்பம் நேரக் கூடாது என்றும் கூறுகிறது. பெற்றோர் இருவரும் கலந்து பேசி மனமொப்பிப் பாலை நிறுத்தவும், வேறொருவரைக் கொண்டு பாலூட்டவும் அதில் அனுமதி இருக்கிறது. ஆகவே நோய், மருந்து, பால் சுரப்புக் குறைவு போன்ற காரணங்களால் டின் பால் கொடுக்க நேர்ந்த தாயைக் குற்றவாளிபோல் நடத்த யாருக்கும் உரிமையில்லை.

அதே சமயம், குழந்தை அழுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பவுடருக்கு மாறுவது தவறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையும் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையும் இந்த மாலை நேர அழுகையை ஏறக்குறைய ஒரே அளவில்தான் அழுகின்றன. பால் போதுமா என்ற சந்தேகம் வந்தால் அழுகையை அளவுகோலாகக் கொள்ளாமல் சிறுநீரையும் எடையையும் பாருங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டு, பின்னர் தினமும் 20 முதல் 30 கிராம் வரை கூடிவந்தால் பால் போதுகிறது என்று பொருள்.

இந்த அழுகை எதனால்?

நன்றாக இருக்கும் குழந்தை காரணம் தெரியாமல் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுதால் அதைக் 'கோலிக்' என்று வரையறுத்தார்கள். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் வெஸ்ஸலும் அவருடன் பணியாற்றியவர்களும் வகுத்த கணக்கு இது. அழுகை சுமார் ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே தணிந்துவிடும். முழுமையான காரணம் இன்னும் உறுதியாகவில்லை. குடல் முதிராத நிலையில் இருப்பதும், அழும்போதும் குடிக்கும்போதும் காற்றை விழுங்குவதும் இதில் சேரும்.

'வாயு இருப்பதால் அழுகிறது' என்று நாம் நினைப்பதில் பாதி தலைகீழானது. நீண்ட நேரம் அழுவதாலேயே குழந்தை நிறையக் காற்றை விழுங்கி, வயிறு உப்பி, வாயு பிரிகிறது. நான்காவது டின்னுக்கு மாறிய வாரத்தில் அழுகை நின்றால், அது டின்னின் பலனாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதும் காரணமாக இருக்கலாம்.

பவுடரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அளவு: டின்னுக்குள் இருக்கும் கரண்டியால் மட்டுமே அளக்க வேண்டும். கோபுரமாகக் குவிக்காமல், அழுத்தாமல், விளிம்போடு சமமாக வழித்து எடுக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பெரும்பாலான டின்களில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். ஆனாலும் உங்கள் டின்னில் உள்ள அட்டவணையே கணக்கு. கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும் வரும். நீர்க்கக் கலந்தால் அதைவிட ஆபத்து. எடை ஏறாது, இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். டின் விலை கட்டுப்படியாகாமல் ஒரு கரண்டியை 60 மி.லி.க்கும் 100 மி.லி.க்கும் இழுப்பவர்களை நாம் அறிவோம். அந்தக் குழந்தை அழுவது வாயுவால் அல்ல, பசியால். அப்படிப்பட்ட வீடு நம் மஹல்லாவில் இருந்தால், ஒரு டின் வாங்கிக் கொடுப்பது ஜமாஅத்தின் கடமைகளில் ஒன்று.

கொடுக்கும் அளவு: பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. என்பது கணக்கு. 4 கிலோ குழந்தைக்கு 600 மி.லி. அதை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மி.லி. அழும்போதெல்லாம் புட்டியை வாயில் வைத்தால் வயிறு நிரம்பி வழியும், கக்கும், மறுபடி அழும்.

நுரை: புட்டியை வேகமாகக் குலுக்கினால் பாலோடு காற்றும் கலக்கும். மெதுவாகச் சுழற்றிக் கலக்கி, நுரை அடங்கிய பின் கொடுங்கள்.

நிப்பிள்: புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஊற்றினால் ஓட்டை பெரிது. குழந்தை மிரண்டு விழுங்கும். சொட்டவே இல்லையென்றால் ஓட்டை சிறிது. குழந்தை காற்றைத்தான் உறிஞ்சும். புட்டியைவிட நம் வீடுகளில் பழகிய பாலாடை மேலானது. கழுவுவது எளிது, கிருமி தங்கும் இடுக்குகள் இல்லை.

நிலை: படுக்க வைத்து ஊட்டாமல், தலை உயர்ந்திருக்கச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். சில நிமிடங்களில் ஏப்பம் வராவிட்டால் வற்புறுத்த வேண்டியதில்லை.

சுத்தம்: பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு குளிர வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். சில சிறப்பு வகைகளுக்கு இது மாறும். அவற்றுக்கு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். கலந்து 2 மணி நேரம் வெளியில் இருந்த பாலையும், குழந்தை குடித்து மீந்ததையும் கொட்டிவிடுங்கள். வீண்விரயம் என்று எண்ணி எடுத்து வைக்காதீர்கள்.

டின்களில் எத்தனை வகை?

சாதாரண வகை: பசும்பாலின் புரதத்தைத் தாய்ப்பாலின் விகிதத்துக்கு நெருக்கமாக மாற்றி, இரும்புச்சத்து முதலியவை சேர்த்தது. ஆறு மாதம் வரை ஒன்றாம் எண் டின். குறித்த காலத்தில் பிறந்த, எடை ஏறுகிற, ஆரோக்கியமான பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். விலை கூடிய டின் வாயுவைக் குறைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

லாக்டோஸ் இல்லாதது: லாக்டோஸ் என்பது பாலின் இயற்கையான சர்க்கரை, தாய்ப்பாலிலும் அதுதான் நிறைந்திருக்கிறது. பிறவியிலேயே அதைச் செரிக்க முடியாத குழந்தை மிக மிக அரிது. கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில காலத்துக்கு மருத்துவர் இதைத் தரலாம். வெறும் வாயுவுக்கு இது மருந்தல்ல.

சோயா வகை: கேலக்டோசீமியா போன்ற அரிய பிறவிக் குறைபாடுகளுக்கு உரியது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடாது. மருத்துவர் எழுதித் தராமல் வாங்க வேண்டாம்.

புரதம் சிதைக்கப்பட்டவை: பசும்பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குப் புரதத்தை நன்றாகச் சிதைத்த வகையும், அதிலும் சேராதவர்களுக்கு அமினோ அமில வகையும் உண்டு. மலத்தில் இரத்தம் அல்லது சளி, தொடர் வாந்தி, தோலில் கரப்பான், எடை ஏறாமை ஆகியவை இந்த ஒவ்வாமையின் அடையாளங்கள். மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் இதைக் கொடுத்துப் பார்த்து முடிவு செய்வார். ஆட்டுப்பால் இதற்கு மாற்று அல்ல. இரண்டின் புரதமும் ஒன்றுபோல் இருப்பதால் பசும்பால் சேராத குழந்தைக்குப் பெரும்பாலும் அதுவும் சேராது.

ஒரு டின்னிலிருந்து இன்னொன்றுக்கு மாறியே ஆக வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு மாறுங்கள். ஒவ்வாமை அடையாளங்கள் இல்லாதபோது ஓரிரு வாரமாவது பொறுத்துப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள். பச்சை கலந்த பழுப்பு நிறத்தில், சற்றுக் கெட்டியாக மலம் போவது டின் பால் குடிக்கும் குழந்தைக்கு இயல்புதான்.

ஒரு வயது நிறையும் வரை கறந்த பசும்பாலோ பாக்கெட் பாலோ தண்ணீர் கலந்தும்கூட முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. புரதமும் உப்புகளும் சிறுநீரகத்துக்குச் சுமை.

கடைகளில் குழந்தைப் பால் டின்னில் குழந்தைப் படம் இருக்காது என்பதைக் கவனித்திருக்கலாம். 1992இல் இயற்றி 2003இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம் இந்தப் பவுடர்களை விளம்பரப்படுத்துவதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் தடை செய்திருக்கிறது. நாமும் இங்கே எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை.

மார்க்கம் தொடர்பான கேள்விகள்

டின் பாலால் பால்குடி உறவு ஏற்படுமா? ஏற்படாது. அந்த உறவு பெண்ணின் பாலால் மட்டுமே வரும். அதனால் உறவுக்காரப் பெண்ணோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ பால் கொடுத்தால், யார் கொடுத்தார், எத்தனை முறை என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை குடித்தாலே உறவு உண்டாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை வேண்டும். பின்னாளில் நிகாஹ் பேசும்போது குழப்பம் வராமலிருக்க இந்தக் குறிப்பு உதவும். தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் தேவைப்படும் நிலை வந்தால், உலமாக்களிடையே அதில் கருத்து வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

பவுடர் ஹலாலா? சாதாரண வகை பாலிலிருந்து வருவது. அதில் சேர்க்கும் டி.எச்.ஏ. பாசியிலிருந்தோ மீன் எண்ணெயிலிருந்தோ வந்தால் தடையில்லை. புரதம் சிதைக்கப்பட்ட சில தயாரிப்புகளில் மட்டும் பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதி பயன்படுவதுண்டு. லேபிளைப் பாருங்கள், நிறுவனத்திடம் கேளுங்கள், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். மாற்றே இல்லையென்றால் நீங்களாகக் குழந்தையின் சிகிச்சையை நிறுத்தாமல் ஆலிம்களிடம் விளக்கம் பெறுங்கள். நிர்ப்பந்தத்துக்குரிய சட்டம் மார்க்கத்தில் தனியாக இருக்கிறது.

தஹ்னீக்கில் தேன் தொடலாமா? தஹ்னீக் பேரீச்சம்பழத்தைக் கொண்டு செய்யப்பட்ட சுன்னத். அது கிடைக்காதபோது தேன் தொட்டு வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடும் நோய் வரும் அபாயம் உண்டு. எனவே தேனை விட்டுவிட்டு, கையையும் வாயையும் சுத்தம் செய்து, நன்றாக மென்ற பேரீச்சம்பழத்தின் சாற்றை நாவில் தடவுவதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வசம்பு, உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் ஆகியவையும் பச்சிளம் குழந்தைக்கு வேண்டாம். வாயுவுக்குத் தரும் சிமெதிகோன் சொட்டு மருந்தும் கோலிக் அழுகையைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபிக்கப்படவில்லை.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சி அடிக்கும் வாந்தி, மலத்தில் இரத்தம், கல்போல் இறுகிய வயிறு, சிறுநீர் குறைதல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், வழக்கத்துக்கு மாறான கிறீச்சிட்ட அழுகை, இடுப்பு மடிப்பில் வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் டின்னை மாற்றிப் பார்க்கவோ, ஓதிப் பார்க்கும் வரை காத்திருக்கவோ கூடாது. சிகிச்சையும் துஆவும் சேர்ந்தே நடக்கட்டும்.

குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை

அழுகை தாங்க முடியாதபோது குழந்தையை ஒருபோதும் உலுக்கக் கூடாது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலைத் தந்தை எடுத்துக்கொண்டால் தாய்க்குத் தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பிரசவித்த பெண் காரணமின்றி அழுதுகொண்டோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதுவும் நோய்தான். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் "உன் பால் சேரவில்லை" என்பதற்குப் பதிலாக, "கொஞ்சம் படு, நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அந்தத் தாய்க்குப் பெரிய உதவியாக இருக்கும்.

சரியாகக் கலந்த ஒரே வகைப் பால், நிதானமாக ஊட்டும் கை, மூன்று மாதப் பொறுமை ஆகியவை இருந்தால் பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கட்டத்தைக் கடந்துவிடும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக.