சுவரை இழுக்கும் மேசை

கார் ஷெட்டில் கால் இல்லாமல் சுவரோடு பொருத்திய பட்டறை மேசை. அதன் முன்விளிம்பில் 50 கிலோ எடையை வைத்தால் சுவருக்கு என்ன நேர்கிறது? கீழ்நோக்கி அழுத்துவது கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய வேலை ஒன்று மறைவில் நடக்கிறது: மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது அந்த எடை.

கணக்கு எளிது. மேசை சுவரிலிருந்து 60 செ.மீ. நீண்டிருந்தால், 50-ஐ 60-ஆல் பெருக்க 3000. தாங்கும் பிராக்கெட்டின் உயரம் 10 செ.மீ. என்றால் 3000-ஐ 10-ஆல் வகுக்க வேண்டும். மேல் போல்ட்டுகள் மீது 300 கிலோ இழுப்பு! பலகைக்கு அடியில் 45 பாகைச் சாய்வில் முன்விளிம்பிலிருந்து ஒரு முட்டு கொடுத்தால், அது சுவரில் 60 செ.மீ. கீழே போய் ஊன்றும். இப்போது இழுப்பு வெறும் 50 கிலோ. கனமான பலகை வாங்குவதால் கிடைக்காத பலம், சாய்ந்து நிற்கும் ஒரு கட்டையால் கிடைத்துவிடுகிறது. முட்டின் அடி சுவரை உள்நோக்கித் தள்ளும். அழுத்தத்தைச் செங்கல் சுவர் நன்றாகவே தாங்கும். அது பயப்படுவது இழுப்புக்குத்தான்.

சுவரில் செருகிய உத்தரம், முனையில் தொங்கும் எடை: 1638-இல் லெய்டனில் அச்சான தன் கடைசி நூலில் கலிலியோ இந்தப் படத்தையே வரைந்து ஆராய்ந்தார். வீட்டுக்காவலில் இருந்த முதுமையில்! உத்தரத்தின் உயரம் இரட்டித்தால் முறியாமல் தாங்கும் திறன் நான்கு மடங்காகும் என்று சரியாகக் கண்டார். வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்காகும் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. பலகையின் முன்விளிம்பில் ஒரு சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடிப்பது இதனால்தான்.

மேசையைச் சுவரில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை முடுக்கும்போது அதன் கூம்பு முனை சுற்றியுள்ள உறைக்குள் ஏறி, உறையை விரித்துத் துளையின் பக்கங்களில் நெருக்குகிறது. உராய்வே அதன் பிடி. ஆகவே அது சிமெண்ட் பூச்சைத் தாண்டி முழுச் செங்கல்லில் இறங்க வேண்டும். துளையிலுள்ள தூளை ஊதி எடுத்துவிட வேண்டும். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கில் உறைக்கு நெருக்கிப் பிடிக்க இடமில்லை. அதற்கென்றே உள்ள பிடிப்பான்கள் தேவை. அமெரிக்க மரச்சட்ட வீடுகளிலோ திருகாணி ஜிப்சம் பலகையைத் தாண்டி, பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரத்தூண்களில் ஏற வேண்டும்.

சுத்தியல் அடியும், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் உலுக்கலும் வெறும் எடையைவிடக் கடுமையானவை. வைஸை ஒரு முட்டுக்கு நேர் மேலே பொருத்துங்கள்.