மகசூல் நம் வயலில், விலை வேறெங்கோ

மார்கழி பிறந்துவிட்டால் காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் வரைக்கும் டீக்கடைகளில் இரண்டு கேள்விகள்தான். ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்? என்ன விலைக்குப் போகும்? அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. ஆனால் நகைக்கடன், உரக்கடை பாக்கி, அறுவடை மெஷின் வாடகை எல்லாமே இந்த இரண்டு எண்களை நம்பித்தான் நிற்கின்றன. அறுக்காத நெல்லுக்கு எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று நாமும் டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

முதலில் மகசூல். சிவகங்கைச் சீமையில் பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும், தையில் அறுப்பு. மகசூலைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, மணி எவ்வளவு கனம். சதுர மீட்டருக்கு 300 கதிர், கதிருக்கு 90 திரண்ட மணி, ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் சதுர மீட்டருக்கு 540 கிராம், ஏக்கருக்கு ஏறக்குறைய 2,185 கிலோ. 60 கிலோ மூட்டையாகப் பிடித்தால் 36 மூட்டை. இதே வயலில் கதிருக்கு 15 மணி மட்டும் கருக்காயாகிப் போனால்? 30 மூட்டைதான் மிஞ்சும்.

அந்த 15 மணி வரப்பிலிருந்து பார்த்தால் தெரியாது. பால் பிடிக்கும் சமயத்தில் கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டால், பயிர் பச்சையாகவே நிற்கும், மணிக்குள் ஒன்றும் இருக்காது. அனுபவப்பட்டவர்கள் அதனால்தான் நடுவயலுக்குள் இறங்குகிறார்கள். வரப்போரப் பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல். அது எப்போதும் செழிப்பாகத்தான் இருக்கும். உள்ளே போய் ஒரு கதிரை உருவி, மணியை நகத்தால் நசுக்கிப் பார்ப்பார்கள். பால் வந்தால் சரி. கனத்த கதிர் தலை சாயும். நெட்டுக்குத்தலாக நிற்கிற கதிரைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்.

இனி விலை. விதைப்பதற்கு முன்பே கைக்கு வருகிற ஒரே எண், அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்ந்து 2,500 ஆயிற்று. சன்ன ரகத்துக்கு 2,545. ஆனால் இந்த விலை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்தான் கிடைக்கும். நெல்லின் ஈரப்பதமும் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தைப் பனியில் மெஷின் அறுத்துக் கொட்டுகிற நெல்லில் 22 சதவீதம் இருந்தால், நூறு கிலோ காய்ந்து 94 கிலோவாகிவிடும். களமும் வெயிலும் காவலுக்கு ஆளும் இல்லாதவர், வயலுக்கே வந்து ஈரத்தோடு அள்ளிப்போகிற வியாபாரிக்குத்தான் கொடுப்பார். அவர் சொல்வது அவர் விலை.

இந்த இடத்தில்தான் படித்தவர்கள்கூடத் தவறாக நினைக்கிற ஒன்று வருகிறது. “விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். அதில் ஈடாகிவிடும்” என்கிறார்கள். இது வெறும் கற்பனையும் அல்ல. 1699-இல் இங்கிலாந்தின் சார்லஸ் டேவனன்ட் தம் நூலில் ஒரு கணக்குத் தந்தார்: தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். நூறு மூட்டை நூறு ரூபாய்க்குப் போனால் பத்தாயிரம். 90 மூட்டை 130 ரூபாய்க்குப் போனால் 11,700. குறைந்த விளைச்சலில் கூடுதல் காசு!

ஆனால் அது ஒரு நாடு முழுக்க விளைச்சல் குறையும்போது நடப்பது. நம் கண்மாய்ப் பாசனத்து நெல், மொத்தச் சந்தையில் ஊருணியில் ஊற்றுகிற ஒரு குடம் தண்ணீர் மாதிரி. ஊற்றினாலும் மொண்டாலும் ஊருணியின் மட்டம் மாறாது. ஆலைக்காரர் தஞ்சாவூரையும் திருவாரூரையும் பார்க்கிறார். ஆந்திரா, கர்நாடக வரத்தையும் பார்க்கிறார். காவிரியில் தண்ணீர் வந்து டெல்டா நன்றாக விளைந்து, இங்கே மட்டும் மழை பொய்த்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். நூறுக்குப் பதில் 70 மூட்டை. விலையும் நூறிலிருந்து 90-க்கு இறங்குகிறது. கையில் 6,300. ஈடு கட்டவேண்டிய விலையே இன்னொரு அடி கொடுத்துவிட்டது. கண்மாய்ச் சீமை விவசாயிக்கு நிஜமான பயம் இதுதான். அவர் தன் கண்மாயைப் பார்ப்பதோடு நிற்காமல் மேட்டூர் நீர்மட்டத்தையும் விசாரிப்பதில் நியாயம் இருக்கிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2016-இல் வந்த பிரதமர் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் விவசாயி கட்டுகிறார். அது மகசூல் இழப்பைத்தான் பார்க்கும், விலைச் சரிவைப் பார்க்காது. மகசூலையும் வயல் வயலாக எடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த சில வயல்களில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு பிடித்து அறுத்து, எடை போட்டு, அந்தப் பகுதிக்கே சராசரி எடுக்கிறார்கள். கடைமடையில் உங்கள் வயல் காய்ந்து, மடையோரத்து வயல்கள் விளைந்திருந்தால் சராசரி உங்கள் நஷ்டத்தை மறைத்துவிடும். என் பார்வையில் இந்தத் திட்டத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

சரி, விலைச் சரிவுக்கு வேறு காப்பு உண்டா? அமெரிக்காவில் மக்காச்சோளம் போடுகிறவர், அறுப்புக்கு முன்பே சிகாகோ முன்பேரச் சந்தையில் விலையைப் பேசி முடித்துக்கொள்ளலாம். இங்கே பாசுமதி அல்லாத நெல்லின் முன்பேர வணிகத்தை 2021 டிசம்பரில் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுத்திவைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது நல்ல துணை, உத்தரவாதம் அல்ல.

அறுத்த கையோடு விற்றாக வேண்டும் என்பதே பலரின் விலையைக் கீழே இழுக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லை இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். உரக்கடை பாக்கியை அதில் அடைத்துவிட்டு, வரத்து குறைகிற சித்திரை, வைகாசி வரை பொறுத்துப் பார்க்கலாம். அதற்கும் நெல்லை நன்றாகக் காயவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அறுப்புக்கு நாள் குறிக்கும்போதே களத்துக்கும் தார்ப்பாய்க்கும் சொல்லிவைத்துவிடுங்கள்.